காஸ்மிக் கதிரின் ஆற்றலைத் தரையில் நின்று அளப்பது எப்படி? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில் பக்கம் கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "விண்வெளியிலிருந்து வரும் துகள் தரைக்கு வந்து சேர்வதே இல்லை என்கிறீர்கள். அப்புறம் அதன் ஆற்றலை எப்படி அளக்கிறார்கள்?" காஸ்மிக் கதிர்கள் எனப்படும் இந்தத் துகள்களைக் கண்டறிந்த விக்டர் ஹெஸ் 1912-இல் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் பறந்ததும், 1936-இல் நோபல் பரிசு வாங்கியதும் பாடப்புத்தகத்தில் இருக்கும். அளக்கும் முறை இருக்காது.

துகளை யாரும் பிடிப்பதில்லை. அது காற்றில் மோதிச் சிதறும்போது எழும் மெல்லிய ஒளியைத்தான் பிடிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அளக்கும் கருவியில் பெரும்பகுதி நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. தொலைநோக்கி அந்தக் கருவியின் முள் மாதிரி, அவ்வளவுதான். காற்றைச் சரியாக அளக்காதவர் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி வாங்கி வைத்தாலும் விடை தப்பும்.

விளக்க வசதிக்காக மருந்துவாழ் மலைச் சரிவில் ஒரு தொலைநோக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அங்கே அப்படி எதுவும் இல்லை. மலையும் கடலும் நமக்குத் தெரிந்தவை என்பதால் தூரமும் உயரமும் மனதில் நிற்கும்.

முதல் படி: எந்த ஆற்றல் என்று முடிவு செய்யுங்கள்

காஸ்மிக் கதிர்களின் ஆற்றல் வீச்சு மிகப் பெரியது. துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால் 10⁹-இல் தொடங்கி 10²⁰-ஐத் தாண்டிப் போகிறது. ஆற்றல் கூடக் கூட எண்ணிக்கை படுவேகமாகக் குறையும். 10¹¹-ஐ ஒட்டிய ஆற்றலில் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன. 3×10¹⁵ வாக்கில், ஆய்வாளர்கள் 'முழங்கால்' என்று சொல்லும் இடத்தில், அதே சதுர மீட்டருக்கு வருடத்துக்கு ஒன்று. 10¹⁹-ஐத் தாண்டினால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு வருடத்துக்கு ஒன்று என்ற அளவுதான். 10²⁰-ஐத் தாண்டியவை கன்னியாகுமரி மாவட்டம் முழுவதிலும் சேர்த்து வருடத்துக்கு ஓரிரண்டு விழுந்தாலே பெரிது.

இதனால் கருவியும் மாறுகிறது. 10¹¹ முதல் 10¹⁴ வரையுள்ள ஆற்றல்களுக்கு செரன்கோவ் தொலைநோக்கி. அதற்கு மேல் 10¹⁶ வரை, தரையில் பரப்பி வைத்த உணர்விகள். நம் ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 இந்த வகை. 2200 மீட்டர் உயரத்தில், 8 மீட்டர் இடைவெளியில், துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் சின்டில்லேட்டர்கள் சுமார் 400. புரோட்டான் நிறமாலையில், அதாவது ஆற்றலுக்கேற்ப எண்ணிக்கை மாறும் வரைகோட்டில், 166 டெரா (1.66×10¹⁴) எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் ஒரு வளைவு இருப்பதை அவர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். 10¹⁷, 10¹⁸ என்று மேலே போனால் காற்றிலுள்ள நைட்ரஜனின் ஒளிர்வைப் பார்க்கும் தொலைநோக்கிதான் தோது. செரன்கோவ் ஒளி, ஒளிர்வு இரண்டும் என்ன என்பது நான்காம் படியில் வரும்.

நாம் 10¹⁹ எலக்ட்ரான் வோல்ட்டை எடுத்துக்கொள்வோம். ஜூலில் சொன்னால் 1.6. ஒரு நல்ல ஏத்தன்பழத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை. அத்தனையும் ஒரே ஓர் அணுக்கருவில் அடங்கியிருக்கிறது என்பதுதான் இதில் வியப்பு. 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒளிர்வுத் தொலைநோக்கி பதிவு செய்த ஒரு துகள் இதைப்போல் 32 மடங்கு.

இரண்டாம் படி: பூமியின் காந்தம் என்ற சல்லடை

குமரியில் இருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் ஓர் அளவுகோல் இது. காந்த நடுக்கோடு நம் பக்கத்தில்தான் ஓடுகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அதை வைத்துத்தான். இங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருப்பதால் மேலிருந்து இறங்கும் மின்னூட்டத் துகள் அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும். ஆற்றல் குறைந்தவை வளைந்து திரும்பிப் போய்விடும். செங்குத்தாக இறங்கும் புரோட்டானுக்குத் தென்னிந்தியாவில் அந்த எல்லை சுமார் 17 ஜிகா (1.7×10¹⁰) எலக்ட்ரான் வோல்ட். உலகிலேயே மிக உயர்ந்த எல்லைகளில் ஒன்று. துருவப் பகுதிகளில் காந்தம் எதையும் தடுப்பதில்லை என்றே சொல்லலாம்.

ஆகவே கன்னியாகுமரிக் கடற்கரையில் செங்குத்தாக நிறுத்திய சாதாரண மியூவான் எண்ணியில் (மியூவான் என்பது காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறந்து தரைவரை வரும் துகள்) விழும் ஒவ்வொரு துடிப்புக்கும் மூலமான துகள் ஏறக்குறைய அந்த 17-ஐத் தாண்டியதாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கீழ் எல்லை தெரிந்துவிடுகிறது. 10¹⁹ ஆற்றலுள்ள துகளுக்கோ இந்தக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: பொழிவைப் புரிந்துகொள்ளுங்கள்

வேகமான துகள் காற்றணு ஒன்றில் மோதியதும் பயான்கள் முதலான புதுத் துகள்கள் பிறக்கின்றன. அவற்றில் நடுநிலைப் பயான்கள் உடனே காமா கதிர்களாகச் சிதையும். காமா கதிர் எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாகும். எலக்ட்ரான் மறுபடி காமா கதிரை உமிழும். இப்படிப் பெருகுவதைத்தான் துகள் பொழிவு என்கிறோம். தரையில் விரிந்து விழும் பெரிய பொழிவுகளை பியர் ஓஜே 1938 வாக்கில் கண்டார். அதற்கு முந்தைய வருடமே பெருக்கத்தின் கணக்கைப் போட்டவர்கள் நம் ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும். (ஹைட்லர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போனவர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

எளிமையாக்கிய கணக்கு இது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 26 கிராம் காற்றைக் கடக்கும்போதெல்லாம் துகள்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். ஒவ்வொன்றின் பங்கும் சுமார் 85 மெகா (8.5×10⁷) எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கியதும் பெருக்கம் நின்று, பொழிவு தேயத் தொடங்கும். ஆகவே உச்சத்தில் இருக்கும் எண்ணிக்கை மூலத் துகளின் ஆற்றலுக்கு விகிதமாக இருக்கும். அளவீடு முழுக்க இந்த ஒரு விகிதத்தின் மேல்தான் நிற்கிறது. நிஜமான 10¹⁹ பொழிவில் உச்சத்தில் சுமார் 700 கோடி துகள்கள் இருக்கும்.

இங்கே ஆழத்தை மீட்டரில் சொல்வதில்லை, கடந்து வந்த காற்றின் எடையில் சொல்கிறோம். கடல்மட்டம் வரை செங்குத்தாக 1030 கிராம். நம் பொழிவு உச்சம் தொடுவது 750 கிராம் வாக்கில்.

நான்காம் படி: எந்த ஒளி?

இரண்டு ஒளிகள் கிடைக்கின்றன. ஒன்று செரன்கோவ் ஒளி. காற்றில் ஒளி போகும் வேகத்தைவிடத் துகள் வேகமாகப் போனால் எழும் நீல ஒளி. துகளின் பாதையிலிருந்து ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிதான் விலகும். தரையில் சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக விழும், சில நானோநொடிகளில் முடிந்துவிடும். 1952-இல் இங்கிலாந்தில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் ஒரு குப்பைத் தொட்டிக்குள் சிறு கண்ணாடியையும் மெல்லிய ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாயையும் வைத்து இதைப் பிடித்துக் காட்டினார்கள். இன்று லடாக்கின் ஹான்லேயில் 4270 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேஸ் தொலைநோக்கியின் கண்ணாடி 21 மீட்டர் விட்டம், கேமராவில் 1088 குழாய்கள். அந்த வளர்ச்சிக்கு முதல் விதை அந்தக் குப்பைத் தொட்டி.

மற்றொன்று ஒளிர்வு. பொழிவு கடந்து போகும்போது நைட்ரஜன் மூலக்கூறுகள் கிளர்ந்து புற ஊதா ஒளியை எல்லாத் திசைகளிலும் சமமாக உமிழும். 300 முதல் 430 நானோமீட்டர் வரை, அதில் 337 தான் வலுவான கோடு. ஒரு எலக்ட்ரான் ஒரு மீட்டர் போனால் நான்கு ஒளித்துகள் போலத்தான் வரும். சொற்பம். ஆனால் எல்லாப் பக்கமும் பரவுவதால் 20, 30 கிலோமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்றும் பார்க்கலாம். நமக்கு வேண்டியது இதுதான்.

ஐந்தாம் படி: இடம்

குமரி இதற்கு உகந்த இடமில்லை. நம் ஊர் என்பதற்காக ஒளிக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டத்தில் தெளிந்த வானம் கிடைப்பது தை முதல் பங்குனி வரைதான். கடலுப்புத் தூசி ஒளியைச் சிதறடிக்கும். காற்றில் உள்ள ஈரப்பதம் நைட்ரஜன் ஒளிர்வையே அமுக்கும். போதாததற்குக் கடற்கரை விளக்குகளும் விசைப்படகு வெளிச்சமும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று காற்றாலைக்கு நல்லது, ஆடாமல் நிற்க வேண்டிய கண்ணாடிக்கு நல்லதல்ல.

அதனால்தான் நிஜக் கருவிகள் யூட்டா பாலைவனத்திலும் அர்ஜென்டினாவின் மலார்குவே சமவெளியிலும் இருக்கின்றன. மலார்குவேயில் உள்ள பியர் ஓஜே ஆய்வகம் 3000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தரைக்கு வரும் பொழிவுத் துகள்களை உணரும் சுமார் 1660 தண்ணீர்த் தொட்டிகள், சுற்றிலும் நான்கு இடங்களில் முதலில் நிறுவிய 24 ஒளிர்வுத் தொலைநோக்கிகள். நல்ல பாலைவனத்திலும் நிலவில்லாத, மேகமில்லாத இரவில் மட்டுமே தொலைநோக்கி வேலை செய்யும். மொத்த நேரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் தேறும்.

ஆறாம் படி: காற்றை அளப்பது

அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகிற இந்தப் படியில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில், எந்த உயரத்தில் எவ்வளவு காற்று என்று தெரிய வேண்டும். இதற்கு நீங்கள் பலூன் விட வேண்டாம். வானிலைத் துறை திருவனந்தபுரத்திலிருந்து பலூன் விட்டு, உயரத்துக்கேற்ப அழுத்தம், வெப்பம், ஈரப்பதத்தைப் பதிவு செய்கிறது. அந்த அட்டவணையில் அழுத்தத்தை மில்லிபாரில் எடுத்து 1.02-ஆல் பெருக்குங்கள். அந்த உயரத்துக்கு மேலே ஒரு சதுர சென்டிமீட்டர் மீது நிற்கும் காற்றின் எடை கிராமில் வந்துவிடும். நம் 750 கிராம் என்பது 735 மில்லிபார். வெப்பமண்டலத்தில் அது 2.7 கிலோமீட்டர் உயரம் போல. பொழிவு 45 டிகிரி சாய்ந்து வந்தால் அதே 750 கிராமை 5.5 கிலோமீட்டர் உயரத்திலேயே கடந்துவிடும். சாய்வைக் கணக்கில் எடுக்காதவர் உச்சத்தைத் தப்பான உயரத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது ஒளி வரும் வழி. புற ஊதா ஒளியைக் காற்று மூலக்கூறுகளும் சிதறடிக்கும், தூசியும் சிதறடிக்கும். மூலக்கூறுகளின் பங்கைப் பலூன் தகவலிலிருந்து கணக்கிடலாம். தூசியின் பங்கு மணிக்கு மணி மாறும், அதை அளந்தே ஆக வேண்டும். மலார்குவேயில் மைதானத்தின் நடுவே 355 நானோமீட்டர் லேசரை மேல்நோக்கி அடிக்கிறார்கள். எவ்வளவு அடித்தோம் என்பது தெரியும், தொலைநோக்கிக்கு எவ்வளவு தெரிகிறது என்பதும் தெரியும். வித்தியாசம்தான் காற்று விழுங்கியது. மேகத்துக்கு அகச்சிவப்புக் கேமராவும், தூசி அடுக்குகளுக்கு லேசர் ஒளி சிதறித் திரும்புவதை அளக்கும் லைடாரும் தனியாக உண்டு.

ஏழாம் படி: கண்ணாடியும் கேமராவும்

ஒரு குழாயில் இத்தனை எண்ணிக்கை வந்தால் வெளியே இத்தனை ஒளித்துகள் விழுந்தன என்ற உறவு வேண்டும். தொலைநோக்கியின் வாயை முழுக்க மூடுகிற பெரிய முரசு போன்ற ஒளிமூலம் ஒன்றை வைத்து, பிரகாசம் தெரிந்த ஒளியைச் சீராக விழச் செய்து பார்ப்பார்கள். கண்ணாடி, வடிகட்டி, குழாய் எல்லாவற்றின் இழப்பும் ஒரே எண்ணாகக் கிடைத்துவிடும். செரன்கோவ் தொலைநோக்கிக்காரர்களுக்கு இன்னும் சுலபம். பக்கத்தில் விழும் மியூவான் ஒவ்வொன்றும் கேமராவில் ஒரு வளையத்தை வரையும். அந்த வளையத்தில் எவ்வளவு ஒளி இருக்க வேண்டும் என்பது கணக்கில் வருமாதலால் வானமே கருவியைச் சரிபார்த்துக் கொடுக்கிறது.

எட்டாம் படி: பாதையைக் கண்டுபிடியுங்கள்

கேமராவில் பொழிவு ஒரு கோடாகத் தெரியும். கோடும் தொலைநோக்கியும் சேர்ந்து ஒரு தளத்தைத் தரும். அந்தத் தளத்துக்குள் பொழிவு எவ்வளவு தூரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்த நேரத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் கோடு குட்டையாக இருந்தால் பக்கத்தில் உள்ள சாய்ந்த பொழிவும் தூரத்தில் உள்ள நேரான பொழிவும் ஒன்றுபோலவே தெரியும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். வேளிமலையில் இன்னொரு தொலைநோக்கி வைக்கலாம். மருந்துவாழ் மலையிலிருந்து அது 20 கிலோமீட்டர் போல இருக்கும். இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் கோடே பொழிவின் பாதை. இல்லையென்றால் தரையில் ஓர் உணர்வி போதும். பொழிவு தரையைத் தொட்ட நேரத்தை அது சொன்னதும் குழப்பம் தீர்ந்துவிடும். ஓஜே ஆய்வகம் செய்வது பெரும்பாலும் இதைத்தான். தூரத்தில் 10 சதவீதம் பிழை வந்தால் ஒளியின் கணக்கு வர்க்கத்தில் மாறுவதால் ஆற்றலில் 21 சதவீதம் பிழை வரும். தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: எண்ணிக்கையிலிருந்து ஆற்றல்

சரி, கணக்குக்கு வருவோம். பொழிவின் உச்சம் 15 கிலோமீட்டர் தூரத்தில். தொலைநோக்கியின் வாய்ப்பரப்பு 4 சதுர மீட்டர். ஒரு குழாய் பார்க்கும் கோணம் 1.5 டிகிரி. அந்தத் தூரத்தில் அது சுமார் 390 மீட்டர் நீளத்தைப் பார்க்கும். உச்சத்தைப் பார்க்கும் குழாயில் 1000 எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது.

இப்போது பின்னோக்கிப் போக வேண்டும். கருவி ஐந்தில் ஒன்றைத்தான் பதிவு செய்கிறது என்று ஏழாம் படியில் அளந்திருந்தால், வாசலுக்கு வந்தது 5000. காற்று மூன்றில் ஒன்றைத்தான் விட்டுவைத்தது என்று ஆறாம் படி சொன்னால், காற்று இல்லாவிட்டால் வந்திருக்க வேண்டியது 15,000. 15 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பு 2.83×10⁹ சதுர மீட்டர். அதில் நம் 4 சதுர மீட்டருக்குக் கிடைத்ததே 15,000 என்றால் பொழிவு உமிழ்ந்தது மொத்தம் 1.06×10¹³. அதை 390 மீட்டராலும், மீட்டருக்கு 4 என்ற ஒளிர்வு விகிதத்தாலும் வகுத்தால் 6.8×10⁹. 700 கோடி என்று முன்பு சொன்னோமே, அது வந்துவிட்டது.

ஒவ்வொரு துகளும் ஒரு கிராம் காற்றில் விடும் ஆற்றல் சராசரியாக 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆகவே உச்சத்தில் கிராமுக்கு 1.5×10¹⁶ எலக்ட்ரான் வோல்ட் காற்றில் இறங்குகிறது. இதே கணக்கை எல்லாக் குழாய்களுக்கும் போட்டால் ஆழத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். அதன் கீழுள்ள பரப்புதான் காற்றில் இறங்கிய மொத்த ஆற்றல். நம் வளைகோட்டின் பரப்பு 580 கிராம் அகலமுள்ள செவ்வகத்துக்குச் சமம் என்று வைத்தால் 8.7×10¹⁸ வருகிறது.

ஆறாம் படியை ஏன் அவ்வளவு வற்புறுத்தினேன் என்பதை இப்போது பார்க்கலாம். காற்று விட்டுவைத்தது மூன்றில் ஒன்றல்ல, நான்கில் ஒன்று என்றிருந்தால்? 15,000 என்பது 20,000 ஆகும். விடை அப்படியே மூன்றில் ஒரு பங்கு கூடும். கண்ணாடியில் எந்தக் கோளாறும் இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. அன்று இரவு கடலிலிருந்து கொஞ்சம் உப்புத் தூசி கூடுதலாக வந்தது, அவ்வளவுதான்.

பத்தாம் படி: காணாத ஆற்றல்

நியூட்ரினோக்கள் ஒளியே தராமல் போய்விடும். மியூவான்கள் பெரும்பகுதி ஆற்றலோடு தரைக்குள் இறங்கிவிடும். இவற்றின் பங்கு நம் ஆற்றலில் 13 சதவீதம் போல. 8.7×10¹⁸-ஐ 0.87-ஆல் வகுத்தால் 10¹⁹.

பதினோராம் படி: சரிபார்ப்பு

தொலைநோக்கி இரவில் மட்டும் பார்க்கும், தண்ணீர்த் தொட்டிகள் பகலும் இரவும் எண்ணும். இரண்டிலும் பதிவான பொழிவுகளை வைத்து, தொட்டி காட்டும் எண்ணுக்கு ஆற்றல் எவ்வளவு என்று பொருத்தி, அப்புறம் தொட்டிகளை மட்டும் நம்பி எல்லாப் பொழிவுகளையும் அளக்கிறார்கள். இவ்வளவு செய்தும் ஓஜே ஆய்வகம் தன் ஆற்றல் அளவுகோலுக்குச் சொல்லும் நிச்சயமின்மை 14 சதவீதம். யூட்டாவில் உள்ள டெலஸ்கோப் அரே கருவிக்கும் இதற்கும் சுமார் 10 சதவீதம் இடைவெளி இருக்கிறது. இரண்டு பெரிய குழுக்கள் பல வருடம் உட்கார்ந்து அளந்த எண்ணிலேயே இந்த வித்தியாசம் இருக்க, பிழை வரம்பு இல்லாமல் ஆற்றலைச் சொல்லும் எந்தக் கட்டுரையையும் நான் நம்புவதில்லை.

செரன்கோவ் முறையில் படிகள் கொஞ்சம் மாறும். அங்கே வளைகோட்டின் பரப்பை எடுப்பதில்லை. கேமராவில் விழும் நீள்வட்டப் படத்தின் மொத்த ஒளியையும், பொழிவு தரையில் விழுந்த இடத்தின் தூரத்தையும் எடுத்து, கார்ல்ஸ்ரூவில் உருவான கோர்சிகா போன்ற நிரலில் லட்சக்கணக்கில் ஓட்டிய போலிப் பொழிவுகளோடு ஒப்பிட்டு ஆற்றலை வாசிப்பார்கள். காற்றின் கணக்கு இங்கேயும் அதேதான்.

கையால் செய்து பார்க்க

தொலைநோக்கி கட்ட நமக்கு வழியில்லை. ஆனால் 10 சென்டிமீட்டர் சதுரமுள்ள இரண்டு சின்டில்லேட்டர் தகடுகள், அவற்றில் ஒட்டிய சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர்கள், இரண்டிலும் ஒரே சமயம் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணும் ஒரு சிறிய மின்சுற்று, இவை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சாத்தியம். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் என்ற கணக்கில், ஒரு தகட்டுக்கு நிமிடத்துக்கு 100 வாக்கில் வரும். இரண்டு தகடுகளையும் இடைவெளி விட்டு அடுக்கினால் குறையும். ஆற்றலை இது சொல்லாது. ஆனால் இரண்டு பாடங்களைச் சொல்லித்தரும்.

முதலாவது, தகடுகளைச் சாய்த்து மேற்கே ஒரு வாரம், கிழக்கே ஒரு வாரம் எண்ணுங்கள். மேற்கிலிருந்து கூடுதலாக வரும். காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் கொண்டவை என்பதற்கு 1930-களில் கிடைத்த அதே சான்று. காந்த நடுக்கோட்டருகே இருப்பதால் நமக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது, பக்கத்தில் ஒரு பாரோமீட்டர் வையுங்கள். நம் பக்கம் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும், காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் வாக்கில் உச்சம். அழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் மியூவான் எண்ணிக்கை 0.1 முதல் 0.2 சதவீதம் வரை குறையும். ஒரு நாளில் தெரியாது, பல வாரத் தகவலைச் சேர்த்தால் தெரியும்.

அளப்பதைத்தான் பழக வேண்டும் என்றால், ஓஜே ஆய்வகம் 2021-இல் தன் தகவல்களில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்தது. பைத்தான் நிரல்களோடு கிடைக்கிறது. தொலைநோக்கியும் தொட்டியும் சேர்ந்து பார்த்த பொழிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வளைகோட்டின் பரப்பை நீங்களே கூட்டி, அவர்கள் கொடுத்திருக்கும் ஆற்றலோடு ஒப்பிடுங்கள். எட்டில் ஒரு பங்கு போலக் குறைந்தால் பத்தாம் படியை விட்டுவிட்டீர்கள். வளைகோடு பாதியிலேயே அறுந்து நின்றால் பொழிவு தொலைநோக்கியின் பார்வையைத் தாண்டிப் போயிருக்கிறது, மீதியைப் பொருத்து வரைந்துதான் கூட்ட வேண்டும். விடை பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு என்று விலகினால் இயற்பியலைச் சந்தேகிக்க வேண்டாம், பீட்டாவையும் (10¹⁵) எக்சாவையும் (10¹⁸) எங்கேயாவது மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.